ரெட், ஃபாலோ, டியூ: கேரம் சட்டச் சொற்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் எந்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு சந்தில் கேரம் போர்டு கிடக்கும். மேலே ஒரு பல்பு, சுற்றி நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர். கடலிலிருந்து திரும்பியவரும், ஹார்பரில் ஷிப்ட் முடித்தவரும், பள்ளி விட்டு வந்த பிள்ளையும் ஒரே பலகையில் ஆடுவார்கள். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-ல் பிரான்சில் நடந்த போட்டியில் உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. வெற்றிமாறன் 2018-ல் எடுத்த 'வடசென்னை' படத்தின் நாயகன் அன்புவும் கேரம் ஆட்டக்காரன்தான்.

இத்தனை பேர் ஆடும் இந்த ஆட்டத்துக்கு எழுதி வைத்த சட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டது. தொடங்கிய ஊர் சென்னை. இன்று மாவட்டப் போட்டியிலிருந்து உலகப் போட்டி வரை எல்லாவற்றுக்கும் அந்தச் சம்மேளனத்தின் சட்டமே அடிப்படை. தெருவில் ஆடும் ஆட்டத்துக்கும் அதற்கும் பல இடங்களில் ஒத்துப்போகாது. குறி தப்பாத பையன்கூட முதல் போட்டியில் அம்பயர் "டியூ" என்றதும் விழிப்பதற்குக் காரணம் இதுதான். அந்தச் சட்டத்தின் முக்கியச் சொற்களை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், எந்த ஆட்டம்?

நம் வீடுகளில் இரண்டு விதமான ஆட்டம் உண்டு. ஒன்று 'பாயின்ட்' ஆட்டம். கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 10, சிவப்புக்கு 25 என்று கணக்கு. சில வீடுகளில் 10, 20, 50. யார் எந்தக் காயை வேண்டுமானாலும் போடலாம். கடைசியில் யாரிடம் அதிகம் சேர்ந்ததோ அவர் ஜெயித்தார். பொழுதுபோக்குக்கு இது நல்ல ஆட்டம்தான். ஆனால் போட்டிகளில் இது கிடையாது.

இன்னொன்று 'கறுப்பு வெள்ளை' ஆட்டம். ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. தன் காய்களை முதலில் தீர்த்தவர் வெற்றி பெறுவார். சட்டம் பேசுவது இந்த ஆட்டத்தைப் பற்றித்தான். இனி வரும் எல்லாமே இதற்குரியவை.

பலகையில் இருப்பவை

பலகையின் ஆடுதளம் சதுரம். ஒரு பக்கம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஒட்டுப்பலகை குறைந்தது 8 மில்லிமீட்டர் கனமாக இருக்க வேண்டும். சுற்றியிருக்கும் மரச்சட்டத்துக்கு ஃபிரேம் என்று பெயர். மூலையில் உள்ள நான்கு பாக்கெட்டுகளும் 4.45 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை. ஒரு காயின் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 4.13 சென்டிமீட்டர். பாக்கெட்டுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே உள்ள வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். ஸ்ட்ரைக்கரும் எளிதாக உள்ளே போய்விடும் என்பதால்தான் அதற்குத் தனித் தண்டனை வைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

பேஸ் லைன்: ஒவ்வொரு பக்கமும் ஃபிரேமுக்கு இணையாக இரண்டு கோடுகள் இருக்கும். ஆட்டக்காரர் பக்கம் இருப்பது தடித்த கோடு, அதற்கு முன்னால் இருப்பது மெல்லிய கோடு. நீளம் 47 சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்க வேண்டிய இடம் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்டது.

பேஸ் சர்க்கிள்: பேஸ் லைனின் இரு முனைகளிலும் உள்ள சிறு வட்டம். நடுவில் சிவப்பு நிறம் தீட்டியிருக்கும்.

அம்புக்குறி: பலகையின் உட்பக்கத்திலிருந்து மூலையில் உள்ள பாக்கெட்டை நோக்கி 45 டிகிரியில் வரைந்த கோடு. அழகுக்காகப் போட்டதென்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அது இந்தக் கோட்டைத் தொடக் கூடாது என்பதும், உங்கள் பக்கத்து எல்லை எதுவரை என்பதும் இதை வைத்துத்தான் தீர்மானமாகின்றன.

மைய வட்டமும் வெளி வட்டமும்: நடுவில் உள்ள சின்ன வட்டம் சிவப்புக் காயின் வீடு. அதைச் சுற்றி 17 சென்டிமீட்டர் விட்டத்தில் பெரிய வட்டம் ஒன்று. ஆட்டம் தொடங்கும்போது எல்லாக் காய்களும் இதற்குள் அடங்கும். தண்டனைக் காய் திரும்ப வருவதும் இதற்குள்தான்.

காயும் ஸ்ட்ரைக்கரும்

9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு. ஆக மொத்தம் 19 காய்கள். நாம் 'காயின்' என்கிறோம், சட்டம் 'கேரம்மென்' என்கிறது. ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை. சிவப்பை நம் ஊரில் 'ரெட்' என்பார்கள். சட்டத்தில் அதற்குக் 'குயின்' என்று பெயர். அம்பயர் "குயின் கவர்டு" என்று சொன்னால், உங்கள் தெரு மொழியில் "ரெட் அண்ட் ஃபாலோ முடிந்தது" என்று பொருள்.

ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. உலோகத்தாலோ தந்தத்தாலோ செய்ததாக இருக்கக் கூடாது. தெருவில் சிலர் எடை கூடிய ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு காய்களைச் சிதறடிப்பார்கள். அதையே கையோடு போட்டிக்குக் கொண்டு போனால், எடையும் அளவும் சரிபார்க்கும்போது வெளியே எடுத்து வைக்க வேண்டியதுதான். பழகும்போதே சட்டப்படியான ஸ்ட்ரைக்கரில் பழகுவது நல்லது. விரலுக்குப் பழகிய எடை மாறினால் குறியும் மாறும்.

அடி, முறை, போர்டு, கேம், மேட்ச்

ஆட்டத்தின் அளவுகளைக் குறிக்கும் ஐந்து சொற்கள் இவை. சிறியதிலிருந்து பெரியதற்குப் போகலாம்.

ஸ்ட்ரோக்: ஸ்ட்ரைக்கரை ஒரு முறை சுண்டுவது.

டர்ன்: உங்களுக்கு அடிக்கும் உரிமை இருக்கும் காலம். உங்கள் காய் விழுந்துகொண்டே இருந்தால் முறையும் தொடர்ந்துகொண்டே இருக்கும். எதுவும் விழாவிட்டால் முறை எதிராளிக்குப் போகும். முறை வந்த பிறகு 15 வினாடிக்குள் அடித்துவிட வேண்டும். தெருவில் ஒவ்வொரு கோணத்திலும் குனிந்து பார்த்து, பவுடர் தூவி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு அடித்துப் பழகியவர்களுக்கு முதலில் இடறுவது இந்த 15 வினாடிதான்.

போர்டு: காய்களை அடுக்கி உடைப்பதில் தொடங்கி, ஒருவருடைய காய்கள் முழுவதும் தீரும்வரை நடப்பது ஒரு போர்டு. பலகைக்கும் இதே பெயர்தான் என்றாலும், "மூன்றாவது போர்டில் தோற்றேன்" என்று ஒருவர் சொன்னால் சுற்றைத்தான் சொல்கிறார்.

கேம்: பல போர்டுகள் சேர்ந்தது ஒரு கேம். முதலில் 25 புள்ளி எடுப்பவர் கேமை வெல்வார். 8 போர்டு முடிந்தும் யாரும் 25-ஐத் தொடாவிட்டால் அப்போது முன்னிலையில் இருப்பவருக்கே வெற்றி. இருவரும் சமமாக இருந்தால் இன்னும் ஒரு போர்டு ஆடித் தீர்ப்பார்கள்.

மேட்ச்: மூன்று கேம் கொண்டது. இரண்டை வெல்பவருக்கு மேட்ச்.

பிரேக்

டாஸில் வென்றவர் முதலில் அடிப்பதா, எந்தப் பக்கம் உட்காருவது என்பதா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் அடிக்கு பிரேக் என்று பெயர். பிரேக் அடிப்பவருக்கு வெள்ளைக் காய்கள். அடுத்த போர்டில் பிரேக் எதிராளிக்குப் போகும், அதனால் வெள்ளையும் அவருக்குப் போகும். இப்படியே மாறி மாறி வரும். தெருவில் "யாருக்கு வெள்ளை?" என்று நடக்கும் சண்டை போட்டியில் எழவே எழாது.

அடுக்குவதற்கும் முறை உண்டு. நடுவில் சிவப்பு. அதைச் சுற்றி ஆறு காய்கள், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. அதற்கு வெளியே மீதமுள்ள பன்னிரண்டு. மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் காய்கள் ஆங்கில ஒய் எழுத்துப் போல மூன்று கிளையாகத் தெரிய வேண்டும். பிரேக்கில் ஸ்ட்ரைக்கர் ஒரு காயை லேசாக உரசினாலே போதும், பிரேக் ஆனதாகத்தான் கணக்கு. எல்லாம் சிதற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிராளிக்கு வாய்ப்பு தரக்கூடாது என்று நினைக்கும் கெட்டிக்காரர்கள் சில நேரம் வேண்டுமென்றே மெதுவாக உடைப்பதும் உண்டு.

ஒயிட் ஸ்லாம், பிளாக் ஸ்லாம்: பிரேக் அடித்தவர் முறையை விடாமல் அந்த முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் போட்டு முடித்தால் அது ஒயிட் ஸ்லாம். பிரேக்கில் எதுவும் விழாமல் முறை எதிராளிக்கு வந்து, அவர் தன் முதல் முறையிலேயே எல்லாக் கறுப்பையும் சிவப்பையும் போட்டு முடித்தால் பிளாக் ஸ்லாம். போட்டி முடிவுகளில் இதைத் தனியாகக் குறித்து வைப்பார்கள்.

வைப்பதும் சுண்டுவதும்

ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது பேஸ் லைன் கோடுகள் இரண்டையும் அது தொட்டிருக்க வேண்டும். பேஸ் சர்க்கிளுக்கு அருகில் வைத்தால் இரண்டு வழிதான் உண்டு: அந்த வட்டத்தை முழுவதும் மூடும்படி வைக்கலாம், அல்லது அதைத் தொடாமல் வைக்கலாம். பாதி மூடிப் பாதி விட்டு வைத்தால் தவறு. தெருவில் யாரும் கண்டுகொள்ளாத இந்தப் பாதி வட்டத்தை அம்பயர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது. விரலை ஸ்ட்ரைக்கரோடு ஒட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோய் விடுவது 'புஷ்'. அது தவறு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டையும் கத்தரி போல் கோத்துச் சுண்டுவது எல்லாம் சரி. கட்டைவிரலால் அடிப்பது 'தம்பிங்'. அதைத் தெருவில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சர்வதேசச் சட்டம் அனுமதிக்கிறது.

உட்காரும் விதத்திலும் கட்டுப்பாடு உண்டு. அம்புக்குறிகளை உங்கள் பக்கமாக நீட்டினால் இரண்டு கற்பனைக் கோடுகள் கிடைக்கும். அடிக்கும் கையின் முழங்கை அவற்றைத் தாண்டக் கூடாது. போர்டு நடக்கும்போது நாற்காலியை நகர்த்திக்கொண்டு கோணம் தேடவும் கூடாது. நின்றுகொண்டும், பக்கவாட்டில் சாய்ந்துகொண்டும் அடித்துப் பழகியவர்கள் இதற்கென்றே தனியாகச் சில வாரங்கள் உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும்.

குயினும் கவரும்: நம் ரெட்டும் ஃபாலோவும்

அதிகம் தகராறு வரும் இடம் இது. வரிசையாகப் பார்ப்போம்.

சிவப்பைப் போடும் உரிமை எப்போது வரும்? உங்கள் காயில் குறைந்தது ஒன்றாவது பாக்கெட்டில் விழுந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே சிவப்பு விழுந்துவிட்டால் அது மறுபடி நடுவுக்கு வந்துவிடும், உங்கள் முறையும் போய்விடும்.

கவர் என்றால் என்ன? சிவப்பைப் போட்ட பிறகு அடுத்த அடியிலேயே உங்கள் சொந்தக் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும். இதைத்தான் நாம் ஃபாலோ என்கிறோம். போட்டுவிட்டால் சிவப்பு உங்களுடையது. தவறினால் சிவப்பு மைய வட்டத்துக்குத் திரும்பிவிடும். முறை எதிராளிக்கு.

இரண்டும் சேர்ந்து விழுந்தால்? சிவப்பைப் போடும் உரிமை வந்த பிறகு, ஒரே அடியில் சிவப்பும் உங்கள் காயும் விழுந்தால் கவர் ஆனதாகவே கணக்கு. எது முந்தி விழுந்தது என்ற கேள்வி இல்லை. தெருவில் "ரெட் முதல்ல, காயின் அப்புறம் விழணும்" என்று வாதாடுபவர்கள் உண்டு. சட்டப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.

சிவப்பு நிற்கும்போது கடைசிக் காய் விழுந்தால்? இதில்தான் போர்டே போகும். சிவப்பு பலகையில் இருக்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் அந்த போர்டு எதிராளிக்கு. எதிராளியின் கடைசிக் காயை நீங்கள் தவறுதலாகப் போட்டுவிட்டாலும் தோல்வி உங்களுக்குத்தான். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூன்று, நான்கு காய் மிச்சமிருக்கும்போதே சிவப்பை எப்போது எடுப்பது, எந்தக் காயை ஃபாலோவுக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

டியூ, ஃபவுல், பெனால்டி

தெருவில் எல்லாத் தப்புக்கும் ஒரே பெயர் 'மைனஸ்'. சட்டம் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது.

ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் அது முறையற்ற அடி. அதற்காக நீங்கள் ஏற்கெனவே போட்ட காயில் ஒன்று திரும்பப் பலகைக்கு வர வேண்டும். அப்படி நீங்கள் தர வேண்டிய காய்தான் டியூ. ஸ்ட்ரைக்கர் மட்டும் விழுந்தால் டியூ கொடுக்க வேண்டும், முறையும் போகும். ஸ்ட்ரைக்கரோடு உங்கள் காயும் விழுந்தால் விழுந்த காயும் வெளியே வரும், டியூ ஒன்றும் வரும். ஆனால் முறை உங்களிடமே இருக்கும். இது பலருக்கும் புதிதாக இருக்கும். தெருக் கணக்கில் முறையையும் பிடுங்கிவிடுவார்கள்.

இன்னும் ஒரு காய்கூட நீங்கள் போடவில்லை, அதற்குள் ஸ்ட்ரைக்கர் விழுந்துவிட்டது. தருவதற்குக் காய் இல்லையே என்று விட்டுவிட மாட்டார்கள். அது கடனாக நிற்கும். நீங்கள் முதல் காயைப் போட்டதும் அந்தக் கடன் வசூலாகும்.

ஃபவுல் என்பது ஆடும் ஒழுங்கை மீறுவது. கை பட்டுக் காய் நகர்ந்தது, ஸ்ட்ரைக்கரைத் தள்ளினீர்கள், கோட்டைத் தொடாமல் வைத்து அடித்தீர்கள், முழங்கை எல்லை தாண்டியது போன்றவை இதில் வரும். இதற்குத் தண்டனையாக வெளியே எடுக்கும் காய் பெனால்டி.

டியூ ஆனாலும் பெனால்டி ஆனாலும், அந்தக் காயை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர் எதிராளி. வெளி வட்டத்துக்குள் தன் விருப்பப்படி வைக்கலாம். உங்களுக்கு அடிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் வைப்பார். ஒரு டியூவின் விலை ஒரு காய் மட்டும் இல்லை, அது நிற்கும் இடமும் சேர்ந்தது. கேரமில் தண்டனை பலகையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு மீதி ஆட்டத்தையும் மாற்றிவிடுகிறது.

எதிராளியின் காயை நீங்கள் போட்டுவிட்டால் அது தவறு இல்லை, தண்டனையும் இல்லை. முறை மட்டும் போகும். விழுந்த காய் அவர் கணக்கில் விழுந்ததாகவே இருக்கும். நீங்கள் அவருக்கு ஒரு காயைச் சும்மா கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

புள்ளிக் கணக்கு: 21-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம்

போர்டை வென்றவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை நிற்கின்றனவோ, காய்க்கு ஒரு புள்ளி. சிவப்பையும் வென்றவரே கவர் செய்திருந்தால் அதற்கு 3 புள்ளி கூடுதல். ஆக ஒரு போர்டில் அதிகபட்சமாக 9-ம் 3-ம் சேர்த்து 12 புள்ளி எடுக்கலாம். தோற்றவர் சிவப்பைக் கவர் செய்திருந்தால் அதற்கு யாருக்கும் புள்ளி இல்லை. ஆனால் தன் கையில் சிவப்பை வைத்திருப்பதன் மூலம் எதிராளிக்குப் போக வேண்டிய 3 புள்ளியைத் தடுத்தார் என்ற லாபம் உண்டு. தோற்கப்போவது தெரிந்த பிறகும் நல்ல ஆட்டக்காரர் சிவப்புக்காக அடித்துக்கொள்வது இதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிவப்புக்கான 3 புள்ளி உங்கள் மதிப்பெண் 21 வரை இருந்தால்தான் கிடைக்கும். 22-ஐத் தொட்டுவிட்டால் சிவப்புக்குப் புள்ளி இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் 21-ல் இருக்கிறீர்கள். போர்டை முடிக்கும்போது எதிராளிக்கு 2 காய் மிச்சம், சிவப்பு உங்களுடையது. 21 + 2 + 3 = 26. கேம் உங்களுக்கு.

நீங்கள் 22-ல் இருக்கிறீர்கள். அதே நிலைமை. 22 + 2 = 24. கேம் முடியவில்லை. இன்னும் ஒரு போர்டு ஆட வேண்டும்.

ஒரு புள்ளி அதிகம் வைத்திருப்பவர் ஒரு போர்டு கூடுதலாக உழைக்கிறார். புள்ளி இல்லை என்பதற்காகச் சிவப்பை மறந்துவிடவும் முடியாது. சிவப்பு பலகையில் இருக்கும்போது கடைசிக் காயைப் போடக் கூடாது என்ற விதி 22-க்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. கேமின் முடிவு நெருங்கும்போது மதிப்பெண் அட்டையைப் பார்த்து ஆடுபவருக்கும் பலகையை மட்டும் பார்த்து ஆடுபவருக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

வழக்கு வரும் சில இடங்கள்

காய் பலகையை விட்டுத் துள்ளி வெளியே போனால் அதை எடுத்து மைய வட்டத்தில் வைப்பார்கள். அது யாருடைய காயாக இருந்தாலும் இதே விதிதான். துள்ளவிட்டவருக்குத் தண்டனை இல்லை.

காய் விளிம்பில் செங்குத்தாக நின்றுவிட்டாலோ, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டாலோ தொடக் கூடாது. அப்படியே விட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். தெருவில் ஊதிச் சாய்ப்பவர்கள் உண்டு. போட்டியில் அதற்கு இடம் இல்லை.

இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். முறை வலப்பக்கமாகச் சுற்றும். கூட்டாளிக்கு யோசனை சொல்லக் கூடாது. "அந்தக் காயினை விடு, ரெட்டைப் பாரு" என்பதெல்லாம் தெருவோடு சரி. கண்ணால், கையால் குறிப்புக் காட்டுவதும் தவறுதான். வேடிக்கை பார்க்கும் பத்துப் பேரும் போட்டி அரங்கில் வாயைத் திறக்க முடியாது.

பவுடர் போடுவது உங்கள் உரிமை. ஆனால் பரவலாக, சமமாகப் போட வேண்டும். எதிராளியின் பக்கத்தில் மட்டும் குவித்து வைக்க முடியாது.

சட்டம் தெரிந்தால் என்ன லாபம்?

1991-ல் டெல்லியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவர் சென்னைக்காரரான மரிய இருதயம். 1995-லும் அவரே வென்றார். அதன் பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். இந்தியாவின் கையில் இருந்த ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை 2012-ல் கொழும்பில் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ பறித்தார். நம் தெருவில் ஆடும் ஆட்டம் எந்த அளவுக்குப் பெரிய மேடைக்குப் போயிருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. அந்த மேடைகளில் ஆடும் எல்லோருக்கும் குறி பார்த்து அடிக்கத் தெரியும். அங்கே ஒருவரை ஒருவர் முந்துவது பெரும்பாலும் சிவப்பை எடுக்கும் நேரத்திலும், எதிராளியின் டியூவை எங்கே வைப்பது என்பதிலும், 21-ல் இருக்கும்போது என்ன செய்வது என்பதிலும்தான்.

வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கைத்திறனில் குறைவில்லை. குறைவது பழக்கம் மட்டும்தான். அதனால் கிளப் நடத்துபவர்களும், பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோரும் ஒரு காரியம் செய்யலாம். வாரத்தில் ஒரு நாளாவது தெரு விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவரை அம்பயராக உட்காரவைத்து, 15 வினாடி எண்ணி, நாற்காலியை நகர்த்தாமல், வாய் பேசாமல், 25 புள்ளிக்கு முழு கேம் ஆடவையுங்கள். ஃபாலோவைக் கவர் என்றும் மைனஸைப் பிரித்து டியூ, ஃபவுல் என்றும் சொல்லிப் பழக்குங்கள். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிட்டால் போதும். அம்பயர் சொல்லும் எந்தச் சொல்லும் பிள்ளைக்குப் புதிதாக இருக்காது.